மோதிர விரலில் ஒரு மரு

மோதிரத்தை உள்ளங்கைக்குள் மூடி, சிறிது நேரம் அடைகாத்துவிட்டுத்தான் வாடிக்கையாளரின் விரலில் போடுவார். "சில்லுன்னு பட்டா கைய இழுத்துப்பாங்க. இழுத்த கை லேசுல திரும்பாது." நகைக்கடையில் எல்லோருக்கும் அவர் மோதிரக்கா. முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. விரல்கள் மறப்பதில்லை. "அந்த வளைஞ்ச சுண்டுவிரல் வந்துட்டுப் போச்சே, பாத்தீங்களா?" என்பார்.

எந்த மோதிரத்தையும் முதலில் தன் விரலில் போட்டுக் காட்டுவதுதான் அவர் வேலை. அந்த விரலில் போய், பழுப்பாக, சொரசொரப்பாக ஒரு மரு முளைத்தது. மேனேஜர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "மாசக் கடைசிக்குள்ள போகலன்னா பின்னாடி பேக்கிங்ல உக்காருங்கக்கா." பின்னால் அட்டைப் பெட்டிகளும் ஒரு மின்விசிறியும்தான் உண்டு. விரல்கள் வராது.

அன்றிலிருந்து மருவுக்கு ராஜ உபசாரம். பேருந்து ஓட்டும் கணவர் பூண்டை நசுக்கிக் கட்டிவிட்டார். மறுநாள் மோதிரம் பார்க்க வந்த ஜோடி ஒருவரையொருவர் சந்தேகமாக முகர்ந்தது. நாத்தனார் வாழைப்பழத் தோலைச் சிபாரிசு செய்தாள். கடையைக் கூட்டும் பெண் வினிகரில் நனைத்த பஞ்சோடு வந்தாள். பட்டறைக்காரர், தங்கத்தைச் சோதிக்கும் அமிலத்தில் ஒரு சொட்டு விடலாமா என்றார். "ஐயா, அதுகிட்ட தங்கமே உண்மையக் கக்கிடும். நான் எம்மாத்திரம்?"

கடைசியில் மருவின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, அதற்கும் மேல் அகலப் பட்டை மோதிரம் ஒன்றை மாட்டிக்கொண்டார். பூண்டின் எரிச்சலில் விரல் வீங்கியிருந்ததை யோசிக்கவில்லை. வந்த முதல் அம்மாள் அதையேதான் கேட்டார்.

"இதவிட நல்லதா உள்ள இருக்கும்மா."

"இருக்கட்டும். நீ போட்டிருக்கியே, அதக் கழட்டு."

சோப்புத் தண்ணீர் வந்தது. திருகித் திருகி இழுத்ததில் மோதிரமும் பிளாஸ்திரியும் சேர்ந்தே வந்தன. மரு வெட்டவெளிச்சமாயிற்று. மேனேஜர் எழுந்துவிட்டார்.

அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "இதுக்கா இவ்வளவு மூடி மறைச்ச? எங்க வீட்டுக்காரருக்குக் கழுத்துல இருந்துச்சு. விளக்கெண்ணெய் தடவு, ஓடிடும்."

"விளக்கெண்ணெயா? வெங்காயம் இல்ல வைக்கணும்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். அவருடைய மனைவி அதை மறுத்தார். வழக்கு நீண்டது, நடுவே மோதிரத் தட்டுகள் திறந்தன, பேச்சு ஓயாமல் விரல்கள் நீண்டன. எழுந்து வந்த மேனேஜரும், "எங்க மாமா உருளைக்கிழங்கத் தேய்ப்பாரு" என்று கலந்துகொண்டார். பேக்கிங் பேச்சு அதன் பிறகு வரவேயில்லை.

மரு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் உதிர்ந்தது. எதனால் என்று அவருக்கே தெரியாது. கேட்டவர்களிடமெல்லாம் "உங்க வைத்தியந்தான்" என்றார். வெங்காயக்காரரிடம் அப்படிச் சொல்வது கணவர் காதில் விழுந்துவிட்டது.

"அப்ப என் பூண்டு?"

"பூண்டுதாங்க. அவர்கிட்ட சும்மா சொன்னேன்."

நேற்று ஓர் இளம்பெண் மெல்லிய மோதிரம் வேண்டுமென்று வந்தாள். கையைக் கைப்பைக்குப் பின்னாலேயே வைத்திருந்தாள். பை கொஞ்சம் விலகியபோது, விரலில் சொரசொரப்பாக ஒரு புள்ளி. மோதிரக்கா மெல்லிய மோதிரங்களின் தட்டை ஓரமாகத் தள்ளினார். அகலப் பட்டையாக ஒன்றை எடுத்து உள்ளங்கைக்குள் மூடினார். அது சூடேறும்வரை காத்திருந்து, மறு கையை அவளிடம் நீட்டினார்.