நானே பண்ணிக்கிறேன்

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நாங்கள் குடிவந்தபோது மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. காலையில் கம்பெனி வண்டி கணவரை ஏற்றிக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் திரும்பக் கொண்டுவந்து விடும். எங்கள் மாடியில் இருந்த மற்ற வீடுகளில் கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்க எல்லாக் கதவும் பூட்டியே கிடக்கும். மகளோடு பேசினால்தான் எனக்குப் பேச்சு.

கல்யாணத்துக்கு முன்னால் வாணியம்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். மகளின் கையைப் பிடித்து எழுதவைப்பதும், மடியில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைப்பதும் என் வேலை என்று அவள் வயிற்றில் இருக்கும்போதே முடிவுசெய்துவிட்டேன்.

கணவர் பார்த்துச் சேர்த்த பள்ளி வேறு மாதிரி இருந்தது. பரீட்சை இல்லை, ரேங்க் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை. டீச்சர்களைப் பிள்ளைகள் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளியை நடத்தியவர் நரைத்த கொண்டையோடு ஒரு மைசூர்க்கார அம்மா. முதல் பெற்றோர் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

"குழந்தையால செய்ய முடிஞ்சதை நீங்க செய்யாதீங்கம்மா. ஸ்வல்ப, கொஞ்சம் பொறுத்து நில்லுங்க. அவங்களே செய்வாங்க. அவ்ளோதான் எங்க ஸ்கூலு."

எனக்குப் பிறர் சொன்னபடி கேட்டுத்தான் பழக்கம். பொறுத்து நின்றேன். சில மாதங்களில் மகள் தானே ஷூ போட்டாள், தானே சாப்பிட்டாள், சாப்பிட்ட தட்டை முக்காலி போட்டு ஏறித் தானே கழுவினாள். நான் கிட்டே போனால், "நீ பண்ணாத மா, நானே பண்ணிக்கிறேன்" என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். அந்தப் பள்ளியில் யாரும் யாரிடமும் கோபமாகப் பேசுவதில்லை.

தலை பின்னுவது ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதை வேண்டுமென்றே மெதுவாகச் செய்வேன். சிக்கே இல்லாத முடியில் சிக்கு எடுப்பேன். ஒருநாள் அவள், "ம்மா, முடி வெட்டிக்கலாமா? குட்டையா இருந்தா நானே சீவிப்பேன்" என்றாள். பியூட்டி பார்லருக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெட்டி முடித்ததும் கண்ணாடியில் பார்த்து அவள் சிரித்தாள். தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

எழுத்தும் அப்படித்தான். கையைப் பிடித்து 'அ' போடவைத்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள். "எங்க அக்கா கையெல்லாம் புடிக்க மாட்டாங்க." பிறகு ஒருநாள் ஓசூர் ரோட்டில் பஸ் ஜன்னல் வழியாக ஒரு கடையின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான் அதில் ஒரு எழுத்துக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மா, "ஜாணே, கெட்டிக்காரியா இருக்காளே! வீட்ல நீங்க சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பைப் பார்க்கப் பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். மூலையில் ஒரு குட்டி நாற்காலி. பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. நான் போன அன்று மகள் ஒரு கண்ணாடி ஜாடியிலிருந்து தம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். தெரிந்தவரைப் பார்த்ததுபோல் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். ஒரு தம்ளர் சாய்ந்து மேசையெல்லாம் தண்ணீர் ஓடியது. நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். வகுப்பு அக்கா கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னார். மகள் சுற்றும் முற்றும் பார்த்தாள். அந்தப் பார்வை என் பக்கமும் வந்தது, நிற்கவில்லை. துணி இருந்த இடத்துக்குப் போய் எடுத்துவந்து துடைத்தாள், பிழிந்தாள், காயப்போட்டாள்.

சாயங்காலம் வீட்டில், "நீ ஏன் மா எழுந்திருச்ச? உக்காந்துதானே பாக்கணும்?" என்றாள். மறந்துவிட்டேன் என்றேன். "பரவால்ல" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

கணவரிடம் சொன்னேன். டை முடிச்சைத் தளர்த்திக்கொண்டே, "நல்லாத்தானே வளர்றா, உனக்கு என்ன குறை?" என்றார். அவர் சொன்னது சரிதான். சாப்பாடு எடுத்துவைக்கப் போனேன்.

அடுத்த கூட்டத்தில் ஏதாவது கேள்வி உண்டா என்றார்கள். மற்றவர்கள் மேல்வகுப்பு, கம்ப்யூட்டர் என்று கேட்டார்கள். நானும் எழுந்தேன். "எல்லாத்தையும் அவளே செஞ்சுக்கிறா மேடம். அப்ப நான் என்ன செய்யட்டும்?"

கூடம் சிரித்தது. நான் வேடிக்கையாகக் கேட்டதாக நினைத்துவிட்டார்கள். மைசூர்க்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அதுக்கு ஸ்கூல்ல பதில் இல்லம்மா" என்றார். குரலில் கேலி இல்லை.

வெளியே படியில் லிங்கராஜபுரத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண் என் தோளைத் தொட்டார். "நீங்க கேட்டதைத்தான்க்கா நானும் கேக்க நெனச்சேன்." அன்று இரண்டு பேரும் கேட் பக்கம் நின்று நெடுநேரம் பேசினோம். பிறகு சில வாரங்கள் அவர் வீட்டில் டீ குடித்தேன். ஆண்டு முடிவதற்குள் அவர் கணவருக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது.

மகளுக்கு எட்டு வயதானபோது கனகபுரா பக்கம் ஒரு பண்ணைக்கு, இரவு தங்கும் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். பையை அவளே அடுக்கினாள். பஸ் ஏறியதும் அழுதுகொண்டிருந்த ஒரு சின்னப் பையனுக்கு ஜன்னல் இடத்தைக் கொடுத்து, அவன் பக்கம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளி எப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்க நினைத்ததோ, அவள் அப்படியே இருந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பஸ் கிளம்பும்வரை கையை உயர்த்தியபடி நின்றேன். அவள் அந்தப் பையனுடன் பேசிக்கொண்டே போனாள்.

ஆட்டோ பிடிக்காமல் நடந்து வந்தேன். வழியில் தள்ளுவண்டியில் ஒரு கட்டு கீரை வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தேன். சமையலுக்கு நேரம் நிறைய இருந்தது.