உத்தரவு வராத முகாம்

கூத்தாநல்லூர் ஹபீப் முகம்மது கைவைத்து ஓடாத டீசல் இன்ஜின் கிடையாது. குறுவை நேரத்தில் பம்ப்செட் மக்கர் பண்ணினால் சுற்றுவட்டத்து விவசாயிகள் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன், பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்று விசா வாங்கிக்கொண்டு, ஓர் அரபு நாட்டின் ராணுவ முகாமுக்கு மெக்கானிக்காகப் போனார்.

அந்த முகாமைப் பார்க்கவேண்டுமே! காசைத் தண்ணீராய் இறைத்து வாங்கிய டாங்கிகளும் லாரிகளும் வெயில் படாமல் போர்த்தி மூடிக் கிடந்தன. ஆனால் பாட்டரிகளைக் கழற்றித் தனி அறையில் பூட்டி, சாவியைக் கேப்டன் தன்னிடமே வைத்திருந்தார். பீரங்கிக் குண்டுகளோ வேறு ஊரில், மன்னரின் சொந்தக்காரர் ஒருவர் காவலில் இருந்தன. சிப்பாய்கள் ஸ்பேனரைத் தொடமாட்டார்கள். கிரீஸ் பிடித்த வேலை வெளிநாட்டான் வேலை. சமீர் என்கிற இளம் சிப்பாய் மட்டும் ஹபீப் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வான். பெரியவர்களைக் கூப்பிடும் அவர்கள் வழக்கப்படி, ‘அம்மி’ என்பான்.

“எங்க ஊர்ல அம்மின்னா மசாலா அரைக்கிற கல்லுடா” என்று சிரிப்பார் ஹபீப்.

“நீயும் கல்லு மாதிரிதானே இருக்கே!” என்பான் அவன்.

ஒருநாள் அவர் கேட்டே விட்டார். “வண்டி ஒரு பக்கம், பாட்டரி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். சண்டை வந்தா என்னடா பண்ணுவீங்க?”

சமீர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். “எதிரியவிட எங்க மேலதான் மேல இருக்கறவங்களுக்குப் பயம், அம்மி. எல்லாம் எங்க கைல இருந்தா அரண்மனைப் பக்கம் திருப்பிட மாட்டோமா? போன வருஷம் ஷெட்டு தீப்பிடிச்சப்ப ஒரு டிரைவர் உத்தரவு இல்லாம லாரிய வெளிய எடுத்தான். லாரி பொழைச்சுது. அவன் ஜெயில்ல கெடக்கான். அவன் அப்பாவுக்கும் வேலை போச்சு.”

ஹபீப்புக்கு இது விளங்கவே இல்லை. வெண்ணாறு கரையை உடைத்துக்கொண்டால் யார் உத்தரவு கேட்பார்கள்? கையில் அகப்பட்ட வைக்கோலையும் சாக்கையும் தூக்கிக்கொண்டு ஊரே ஓடும் சீமையில் பிறந்தவர் அல்லவா!

தொண்ணூறுகளில் ஒரு கோடைக் காலையில் பக்கத்து நாட்டுப் படை எல்லையைத் தாண்டிவிட்டது. கேப்டன் முந்தின நாளே குடும்பத்தோடு காரில் கிளம்பியிருந்தார். குண்டுச் சத்தம் நெருங்கி வந்தது. ஹபீப் கடப்பாரையால் பூட்டை உடைத்தார். ஒரு லாரிக்குப் பாட்டரி மாட்டிக் கிளப்பினார். பக்கத்தில் இருந்த வேலைக்காரர்கள் தொற்றி ஏறிக்கொண்டார்கள். சமீர் மட்டும் வாசல் கூண்டில் டெலிபோனைக் காதில் வைத்தபடி நின்றான்.

“ஏறுடா!”

“உத்தரவு வரலையே அம்மி.”

“அந்தப் பக்கம் போனை எடுக்க ஆள் இருந்தால்ல உத்தரவு வரும்? ஏறுடா, என் ராசா!”

“நீங்க கூலிக்கு வந்தவங்க, போகலாம். நான் எடத்தை விட்டா என் வீட்டுல போய் நிப்பாங்க.” ரிசீவரை வைக்காமலே மற்றக் கையால் கேட்டைத் திறந்தான். “கேப்டன் கேட்டா, பூட்டை நான் உடைக்கலேன்னு சொல்லுவியா?”

“நான்தான் உடைச்சேன்னு சொல்றேன்டா!” என்று கத்தினார் ஹபீப். பின்னாலிருந்தவர்கள் லாரியின் முதுகை அடித்து, எடு எடு என்று கூச்சல் போட்டார்கள். எடுத்துவிட்டார். மறுபக்க எல்லையைத் தாண்டிய பிறகு, முகாமிலிருந்து பிந்தி வந்த ஒரு சமையல்காரர் சொன்னார்: முகாமில் முதல் குண்டே வாசல் கூண்டின் மேல்தான் விழுந்ததாம்.

ஊருக்கு வந்து வெகுநாள் ஹபீப்புக்குச் சோறு இறங்கவில்லை. “அல்லாவோட நாட்டம் மச்சான், நாம என்ன செய்ய முடியும்?” என்று அவர் மனைவி ஜன்னத் பீவி தேற்றினாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இத மட்டும் அல்லா மேல போடாத ஜன்னத்து. அந்தப் புள்ளைக்குக் காலும் இருந்துச்சு, அறிவும் இருந்துச்சு. நகர விடாம பண்ணினது மனுஷனுங்க.”

அந்த வெள்ளிக்கிழமை செத்துப்போன பிள்ளைக்காக வீட்டில் பாத்திஹா ஓத ஏற்பாடு செய்தார். ஓத வந்த ஹஜ்ரத், “மவுத்தானவர் பேரு?” என்றார்.

“சமீர்.”

“அத்தா பேரு?”

அவன் தகப்பன் பெயரை ஹபீப் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. உட்கார்ந்திருந்த பாயிலேயே குனிந்து, சின்னப் பிள்ளைபோல் விம்மி விம்மி அழுதார்.