மடி சோடா

மரகதவல்லிக்கு உலகத்தில் ஒரே ஒரு சபலம், அது சோடா. பெரியபாளையத்துப் பிறந்த வீட்டில் இருந்தவரை, கடைத்தெருவுக்குப் போனால் லெமன் சோடா குடிக்காமல் திரும்பியதில்லை. திருவள்ளூரில் பாஷ்யத்துக்கு வாழ்க்கைப்பட்டதோடு அதற்கு ஒரு முழுக்கு. கோயில் கைங்கர்யம் செய்கிறவர். வெளித் தண்ணீர் வாயில் படக்கூடாது என்பார். மற்றபடி தங்கமான மனிதர், அதனால் சண்டை போடவும் வழியில்லை.

போன சித்திரை வெயிலில் அவள் ஏங்கியபோது, "நம்மாத்துக் கிணத்து ஜலத்துல பண்ணிக்கோயேன், யார் வேண்டாம்னா?" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். அது போதாதா? மகன் ரகுநந்தனிடம் சொன்னாள்; அவன் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டியிலிருந்து, கேஸ் விற்கும் யேசுதாஸ் வந்து இறங்கினார். சோடாவைப் பொங்கவைக்கும் கரியமில வாயு அடைத்த சின்ன சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், வால்வு வைத்த பாட்டில் மூடி. "இது வெல்டிங் கேஸ் இல்லம்மா, குடிக்கிறதுக்குன்னே வர்றது" என்று மாட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

மடியாக நீர் இறைத்து, புது பாட்டிலில் ஊற்றி, காற்றைப் பிதுக்கி மூடி, கேஸைத் திறந்து, கை கடுக்கக் குலுக்கினாள். குடித்தால் வெறும் தண்ணீர். மறுபடியும் அதே கதை. பாஷ்யம் அங்கவஸ்திரத்தால் வாயை மூடிச் சிரித்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. யேசுதாஸுக்குப் போன் போட்டாள்.

"இன்னாம்மா, தண்ணிய ஃப்ரிட்ஜ்ல வெக்கலையா? நல்லா ஜில்லுனு இருந்தாத்தாம்மா கேஸ் புடிக்கும்!"

ஃப்ரிட்ஜா! நேற்றைய குழம்பும் மாவும் ஒன்றாகக் கிடக்கிற பெட்டியில் மடி ஜலமா?

மறுநாள் பாஷ்யம் கோயிலுக்குக் கிளம்பியதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஃப்ரிட்ஜைக் காலி செய்து, மூலை முடுக்கெல்லாம் கழுவி, கிணற்றுத் தண்ணீர் பாட்டில்களை மட்டும் வைத்தாள். மாவும் பாலும் கூடத்துத் தரையில் கிடந்தன.

பாஷ்யம் திரும்பும்போது குலுக்கி முடித்திருந்தாள். மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று பொங்கியது. அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். தொண்டையில் சுருக்கென்று இறங்கி, அவர் எதிரிலேயே பெரிய ஏப்பமாக வந்தது. அப்படி ஓர் ஆனந்தம்.

பாஷ்யம் கையை நீட்டினார். "நம்மாத்து ஜலந்தானே?" பாட்டிலைத் தூக்கி மடமடவென்று ஊற்றியதில் பாதி மூக்குக்கு ஏறியது. இருமித் தும்மி ஒருவழியானார்.

"இதையா இத்தனை வருஷமா உன்னைக் குடிக்க விடாம வெச்சிருந்தேன்?"

"ஆமாண்ணா."

அவர் அடுத்த பாட்டிலைத் தானே எடுத்து, கேஸ் ஏற்றிக் குலுக்கினார். மூடியைத் திறந்து அவளிடம் கொடுத்தார்.

"முதல்ல நீ குடி."