மச்சினன் கொடுத்த பேட்டரி

தங்கையன் ஊசி குத்தினால் வலிக்காது என்று ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. வலிக்கத்தான் செய்யும். ஆனால் குத்துகிற நேரம் பார்த்து அவர் ஏதாவது கேட்பார். "உங்க பையன் வீடு மாத்திட்டாராமே?" என்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் குழாயில் ஏறியிருக்கும். புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவர் வேலை. குடியிருப்பது திருவெள்ளறைப் பக்கம். விடிந்ததும் பைக்கை எடுத்தால் மண்ணச்சநல்லூர், டோல்கேட், கொள்ளிடம் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். அங்கே நாலைந்து வீதிகளைச் சுற்றிவிட்டு, வெயில் ஏறுமுன் புத்தூரில் ரத்தக் குழாய்ப் பெட்டியை ஒப்படைத்துவிடுவார்.

இந்த வேலையில் ஊசி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வண்டி. சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். காபிகூடக் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு எழுபத்தைந்து வயதுக்காரரைக் காக்க வைத்தால் அந்தப் பாவம் சும்மா விடாது என்பது தங்கையனின் கட்சி. பத்து வருஷத்தில் அவர் தாமதமாகப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது. உதைத்துக் கிளப்புகிற ஒரு நல்ல ஏற்பாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அதைப் புது மாடல் என்று விற்ற புண்ணியவான்கள் யாரோ தெரியவில்லை. பட்டனை அமுக்கினால் கிளம்பும், பேட்டரி செத்தால் படுத்துவிடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே என்றால் அதுவும் நடக்காது. பெட்ரோலை உள்ளே அனுப்புகிற பம்புக்கே கரண்ட் வேண்டும். ஆக, ஒரு டிபன் டப்பா அளவு பேட்டரியின் தயவில்தான் மனிதனின் மானம், மரியாதை எல்லாம்.

கம்பெனியில் போட்டுக் கொடுத்த பேட்டரி நாலு வருஷம் உழைத்துவிட்டு ஆடி மாதம் கண்ணை மூடியது. தங்கையனுக்கு யோசிக்க வேலையே இல்லை. மனைவி செல்லக்கிளியின் தம்பி சரவணன் புத்தூர் நால்ரோட்டுக்குப் பக்கத்தில் பேட்டரி, டயர் கடை வைத்திருக்கிறான்.

"நான் ஒருத்தன் இருக்கையில நீங்க வெளியில போவீங்களா மச்சான்?" என்று அவனே வண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி, சீட்டைக் கழற்றி, புதுப் பேட்டரியை உட்கார வைத்தான். அது பழையதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. பக்கத்தில் இடம் மிச்சம் இருந்ததால் ஓர் அட்டையை மடித்துச் செருகினான்.

"ஆடாம இருக்கணும்ல, அதுக்குத்தான். பன்னெண்டு வோல்ட்டுன்னா எல்லாம் பன்னெண்டு வோல்ட்டுதான் மச்சான்."

காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டான். இலவசமாக வந்த பொருளில் இதுதான் தொல்லை. குறை சொல்ல வாய் வராது.

ஆவணியில் ஒரு நாள் காலையில் பட்டனை அமுக்கியபோது டக் டக் என்றது, கிளம்பவில்லை. ஹாரன் சளி பிடித்த மாதிரி முனகியது. சரவணனிடம் போனார். அவன் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தான். மறுபடியும் மக்கர். அவன் முகம் கோணாமல் அதே மாதிரி இன்னொன்றை மாற்றிக் கொடுத்தான். அதுவும் சில வாரத்தில் அதே பாட்டு.

"வேற கடையில ஒரு தடவை காட்டிப் பாக்கவா?" என்று தங்கையன் வீட்டில் மெதுவாகக் கேட்டார்.

செல்லக்கிளி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக்கிட்டு வரணும், சீர் வைக்கணும். அவன் கொடுத்தது சரியில்லன்னு நீங்க இன்னொருத்தன் கடையில போயி நின்னா அவனுக்குத் தெரியாமலா போகும்? நால்ரோட்டுல எல்லாக் கடைக்காரனும் அவனுக்குப் பழக்கம். நாலு மாசம் பொறுத்துக்குங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சரவணன் முன்கோபி, ஆனால் அக்கா பெண் மேல் உயிரையே வைத்திருப்பவன். தங்கையன் பொறுத்துக்கொள்ள முடிவு செய்தார். அதற்காக ஒரு வழியும் கண்டுபிடித்தார். காலையில் வீட்டில் எப்படியோ ஒரு தடவை கிளம்பிவிட்டால் அதற்குப் பிறகு இன்ஜினை நிறுத்துவதே இல்லை. ஒரு வீட்டு மாடியில் ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பார், கீழே வீதியில் வண்டி தானாக உறுமிக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்தார் திட்டினார்கள். வண்டி திருட்டுப் போகுமோ என்ற பயத்தில் இவர் ஒரு கண்ணை நரம்பிலும் ஒரு காதை வாசலிலும் வைத்திருந்தார். வலிக்காது என்ற பேரும் கொஞ்சம் கெட்டது. அவருக்கே அவர் மேல் எரிச்சலாக இருந்தது.

வடக்கு அடையவளஞ்சான் வீதியில் பீமராவ் தனியாக இருந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. மகன் பெங்களூரில். அப்பா அங்கே வந்துவிட வேண்டும் என்று மகன் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தான். பீமராவ் பிடி கொடுக்கவில்லை. நடமாட்டம் இருக்கிறவரை ஸ்ரீரங்கத்தைவிட்டு நகர மாட்டேன் என்பது அவர் பிடிவாதம். கடைசியில் இரண்டு பேருக்கும் ஓர் உடன்பாடு. மாதா மாதம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மகனுக்குப் போக வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறவரை அவன் வற்புறுத்தக் கூடாது. அதனால் மாதத்தில் ஒரு நாள் தங்கையன் வருவது பீமராவுக்கு ரொம்ப முக்கியம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தங்கையன் டோல்கேட் வந்ததும் போன் செய்து, "அஞ்சு நிமிஷம் சார், வந்துட்டேன்" என்பார். பாலம் தாண்டி வர உண்மையில் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் போன் வந்ததுமே பீமராவ் இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொண்டுவிடுவார். ரத்தம் கொடுத்த கையோடு பலகாரத்தில் உட்கார்ந்துவிடலாம் என்ற அவசரம். "ரத்தம் எடுத்தப்புறம் போடுங்க சார், போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா சர்க்கரை கீழ இறங்கிடும்" என்று தங்கையன் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. நாம்தான் ஒரு நாளும் தாமதமாவதில்லையே என்று இவரும் விட்டுவிட்டார்.

ஐப்பசியில் ஒரு காலை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டோல்கேட் பங்க்கில் பெட்ரோல் போட நின்றபோது தங்கையன் வழக்கம்போல் பீமராவுக்குப் போன் செய்தார். அஞ்சு நிமிஷம் என்றார். பங்க்கில் இருந்த பெண் இன்ஜினைக் காட்டி, "ஆஃப் பண்ணுங்கண்ணே" என்றாள். மற்ற நாளில் இவர் பங்க்குக்கு வருவது மத்தியானம், வேலை எல்லாம் முடிந்த பிறகு. அன்றைக்கு முள் அடியில் கிடந்ததால் வேறு வழியில்லை. நிறுத்தினார்.

அவ்வளவுதான். பிறகு பட்டனை அமுக்க அமுக்க டக் என்ற சத்தமும் போய்விட்டது. தள்ளினார். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினார்கள். சரவணனுக்குப் போன் போட்டார்.

"இதோ கிளம்பிட்டேன் மச்சான். அஞ்சு நிமிஷம்" என்றான் அவன்.

அந்த ரோட்டில் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோவும் நின்றது. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஏறியிருக்கலாம். ஏறவில்லை. சரவணன் கிளம்பிவிட்டேன் என்றானே, இந்தத் தடவை பற்றிக்கொள்ளும், அடுத்த தடவை பற்றிக்கொள்ளும் என்று நின்றார். நடுவில் பீமராவே கூப்பிட்டார்.

"எங்கே இருக்கீங்க தங்கையன்?"

"பாலத்துல சார். அஞ்சே நிமிஷம்."

பாலம் தூரத்தில் தெரிந்துகொண்டிருந்தது. வண்டி நின்றுபோச்சு சார், நீங்க சாப்பிடுங்க, ரிப்போர்ட்டை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த வார்த்தை நம் ஊரில் யார் வாயிலும் வராது. கல்யாண வீட்டுக்குக் கிளம்பாமல் குளித்துக்கொண்டிருப்பவனும் தெருமுனையில் நிற்கிறேன் என்றுதான் சொல்லுவான். அப்படித்தான் தங்கையனும் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் கூப்பிட்டபோது பீமராவ் எடுக்கவில்லை. அப்போதுதான் ஆட்டோவில் ஏறினார். சரவணன் இன்னும் வந்திருக்கவில்லை.

கதவு தாழிடாமல் இருந்தது. பீமராவ் சாப்பாட்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது, வாய் ஏதோ குழறியது. விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. தங்கையன் சர்க்கரையை எடுத்து ஈறில் தேய்த்தார், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது.

கண் விழித்த பீமராவ் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு என்ன ஆச்சு?"

"பஞ்சர் சார்" என்றார் தங்கையன்.

மச்சினன் பேர் கெடக் கூடாதே என்பதற்காகச் சொன்னதாக அவர் தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டார். அந்த ஆஸ்பத்திரியில் சரவணனைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் டோல்கேட்டில் கிடந்த வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாலக்கரையில் ஜெஸிமா என்ற அம்மாளின் கடைக்குப் போனார். லேபில் வேலை பார்க்கிறவர்கள் சொன்ன இடம். அந்த அம்மாள் பேட்டரியைப் பார்க்கவே இல்லை. முதலில் சீட்டுக்கு அடியில் இருந்த மடித்த அட்டையைத்தான் இழுத்து வெளியே போட்டார்.

"இது எதுக்குண்ணே?"

"ஆடாம இருக்க."

"உங்க வண்டிக்கு அஞ்சு ஆம்பியர் பேட்டரி வரணும். இது ரெண்டரை. சின்ன வண்டிக்குப் போடறது. வோல்ட்டு ஒண்ணுதான், ஆனா உள்ள இருக்கிற சரக்கு பாதி. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னார்.

"அப்ப வீட்டுக்கு வீடு நிறுத்தி நிறுத்தி எடுப்பீங்க. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினதுக்கு ஈடு கட்டறதுக்குள்ள அடுத்த வீடு வந்துடும். அப்படி நாலு வாட்டி வடிஞ்சு போனா அப்புறம் நிறுத்தாம ஓட்டினாலும் சார்ஜ் நிக்காது. இந்தப் பேட்டரியைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? அது தாங்காத வேலையக் கொடுத்திருக்கீங்க."

அந்த அம்மாள் ஐந்து ஆம்பியரில் ஒன்றை எடுத்து, மேலே அச்சடித்திருந்த மாதத்தைக் காட்டினார். போன மாதம் தயாரானது. அலமாரியில் வருஷக்கணக்காகத் தூங்கினது புதுசு ஆனாலும் கிழம்தான் என்றார். வண்டியை ஓட விட்டு, பேட்டரிக்குச் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் சீட்டை மூடினார். பட்டனைத் தொட்டதுமே வண்டி கிளம்பியது. தங்கையனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை சுலபமா இது?

ஞாயிற்றுக்கிழமை சரவணன் கல்யாணப் பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச வந்தான். வாசலில் நின்ற வண்டியின் சீட்டை எதற்கோ தூக்கியவன் அப்படியே நின்றான்.

"எங்க வாங்கினீங்க மச்சான்?"

செல்லக்கிளி கணவனைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"பாலக்கரையில" என்றார் தங்கையன். "நீ போட்டது பாதி அளவுதானாம் மாப்ள. ஒரு மனுஷன் இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிறாரு."

"நானா அவரைத் தள்ளிவிட்டேன்? சார்ஜ் ஏத்தித் தந்தேன், முகம் சுளிக்காம மாத்தியும் கொடுத்தேன். அதுக்கப்புறமும் சரியில்லன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? சொல்லியிருந்தா பெருசா ஒண்ணு போட்டுத் தந்திருக்க மாட்டேனா?"

சரவணன் காபியைத் தொடாமல் எழுந்து போனான். அன்றைக்கு முழுவதும் செல்லக்கிளி அவரோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு வருவானா மாட்டானா என்பது யாருக்கும் தெரியாது.

கார்த்திகை பிறந்ததும் பீமராவை அழைத்துப் போக மகன் காரோடு வந்தான். இனி ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது, தனியாக விட முடியாது. வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள். பீமராவ் பின் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்து வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அழுதிருந்தால் தங்கையனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தங்கையன் கார் ஜன்னலுக்கு அருகில் குனிந்தார். "சார், அன்னைக்குப் பஞ்சர் இல்ல. பேட்டரி. மூணு மாசமாவே சரியில்லன்னு தெரியும். மச்சினன் கொடுத்தது, மாத்தினா மனஸ்தாபம் வரும்னு ஓட்டிக்கிட்டிருந்தேன். என்னை மன்னிச்சுடுங்க."

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று தங்கையன் நினைத்தார். எதற்கும் பரவாயில்லை என்று சொல்கிற மனிதர்தான் அவர்.

பீமராவ் கோபமே இல்லாமல், தபால் எடை சொல்வதுபோல் சொன்னார்.

"பேட்டரி போனா போகட்டும், தங்கையன். நான் உங்களுக்குப் போன் பண்ணினப்ப வாழைப்பழத்தை உரிச்சுக் கையில வெச்சிருந்தேன். பாலத்துல வந்துட்டேன்னு சொன்னீங்க. சரின்னு தட்டுல வெச்சுட்டேன்."

மகன் கண்ணாடியை ஏற்றினான்.