எல்சி சொன்ன விலை

எல்சிக்கு நன்றாகத் தைக்கத் தெரியும் என்பது ராயபுரத்தில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். கூலி கேட்கத் தெரியாது என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

குப்பத்துப் பெண்கள் மூன்று நான்கு பழம்புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைக்கு ஒன்றும் நடுவில் நாலுமாக ஏனோதானோவென்று தையல் போட்டு நிறுத்திவிடுவார்கள். விடிந்ததிலிருந்து மீன் கூடை தூக்குகிறவர்களுக்கு அதற்குமேல் உட்கார நேரம் ஏது? பிறகு அந்தப் புடவைச் சுருட்டு எல்சி வீட்டுக்கு வரும். அவள் நெருக்கமாகத் தையல் ஓட்டி, விளிம்பை இரண்டாக மடித்து அடித்துக் கொடுத்தால்தான் அதற்குப் போர்வை என்று பெயர். பத்துப் பன்னிரண்டு மத்தியானங்கள் பிடிக்கும். அதற்குக் கைம்மாறாக மீன் வரும், அதுவும் விற்று மிஞ்சிய மீன். சும்மா வருகிற மீனை முகர்ந்து பார்க்க முடியுமா? எல்சி சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு, குழம்பில் புளியை இரண்டு மடங்காகக் கரைப்பாள்.

புருஷன் அம்புரோஸ் துறைமுகத்துக்குச் சரக்கு இறக்கப் போய்க்கொண்டிருந்த வரைக்கும் இந்த ஏற்பாட்டில் குறையொன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழையில் அவன் வீட்டு வாசலிலேயே வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். இரண்டு மாதமாகக் கூலி இல்லை. வீட்டுக்காரர் ரகுபதியோ மீன் வாடையே ஆகாத மனிதர். வாடகைக்குப் பதிலாக அவரிடம் காரப்பொடி மீனை நீட்ட முடியாது.

"கேட்டுத்தான் ஆவணும் எல்சி," என்றான் கட்டிலில் கிடந்த அம்புரோஸ்.

"யாரு கைல? பூவக்கா கைலயா? நல்லா கீதே!"

அதுதான் சிக்கல். அப்போது கையில் இருந்தது பூவம்மாவின் போர்வை. அவளுடைய அம்மாவின் மூன்று புடவைகள் அதில் இருந்தன. பேறுகாலத்துக்கு வரப்போகும் மகள் நீலாவுக்காகப் போட்டது. எல்சியின் பிரசவத்தில் பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் பூவம்மா. குப்பத்தில் அவள் சொன்னதுதான் சட்டம். அவள் சரி என்றால் எல்லாரும் காசு கொடுப்பார்கள். அவள் முகம் சுளித்தால் ஒரு போர்வையும் வராது, ஒருத்தியும் பேசவும் மாட்டாள்.

எல்சி தைத்துக்கொண்டே யோசித்தாள். முதல் நாள் ஒரு ரூபாய் கேட்பதாக முடிவு செய்தாள். இரண்டாம் நாள் கஞ்சி ஞாபகம் வந்தது, முக்கால் ரூபாய் ஆயிற்று. விளிம்புக்கு வந்தபோது அரை ரூபாய். போர்வை வளர வளர விலை தேய்ந்துகொண்டே வந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் காலிக் கூடையோடு பூவம்மா வந்தாள். கூடையின் மூலையில் வழக்கம்போல ஒரு இலைப் பொட்டலம்.

"முட்ச்சிட்டியா எல்சி? ஞாயித்துக்கெயம நீலா வந்துர்றா."

எல்சி போர்வையை நீட்டினாள். கண் தரையில் இருந்தது. "யக்கா... அவரு வேலைக்கிப் போவாம குந்திகினு கீறாரு. இனிமே மீனு வாணாங்க்கா. எதுனா காசா குட்த்தீன்னா..."

"எவ்ளோ?"

"நாலணா," என்றாள் எல்சி. எட்டணா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

பூவம்மாவின் முகம் மாறிவிட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் எல்சி. பூவம்மா கூடையை இறக்கினாள். போர்வையைத் தரையில் விரித்து மண்டியிட்டாள். விளிம்பை இழுத்துப் பார்த்தாள். புரட்டினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கடைசியில் முகர்ந்தும் பார்த்தாள். இருபது வருஷமாக மீன் விற்கிறவள் அவள். எதையாவது யாராவது இவ்வளவு மலிவாகச் சொன்னால் அவள் கை தானாகச் செவுளைத் தேடும்.

"எங்க கியிச்ச?" என்றாள்.

"இன்னாக்கா?"

"நாலணான்றியே. எங்கியோ கத்திரி பட்டுருச்சி. இல்லாங்காட்டி நடுவுல தைக்காம வுட்டுட்ட. என் ஆத்தா பொடவ அது. சொல்லிடு, கோச்சிக்க மாட்டேன்."

எல்சிக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. கஞ்சி மறந்தது, வாடகை மறந்தது, அம்புரோஸ் கட்டிலில் கிடப்பதுகூட மறந்துபோயிற்று.

"நான் கியிச்சேனா? பன்னெண்டு நாளு யக்கா, பன்னெண்டு நாளு! வெரல பாரு, சல்லடையா கீது! நடுப்பொடவ நஞ்சிபோயி கெடந்துச்சி, உள்ள என் பாவாடத் துணிய வெச்சித் தச்சிகீறேன், அது உன் கண்ணுல பட்டுதா? நாலணாவா? ஒரு ரூபா! ஒரு தம்பிடி கொறைக்க மாட்டேன்!"

அம்புரோஸ் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

பூவம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நீளமாக மூச்சுவிட்டாள். "அப்பாடா! அத மொதல்லியே சொல்றதுக்கின்னா? பேஜாரா பூட்ச்சி எனுக்கு. எட்டணா."

"பதினஞ்சி."

"ஒம்போது. பாவாடத் துணிக்கி ஒரணா சேத்து பத்து."

முக்கால் ரூபாயில் வந்து நின்றது. பூவம்மா இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா எல்சி?" என்றாள், குரலைத் தணித்து. "நாறலு மீன உன் கைல குட்த்துட்டு, எத்தினி வாட்டி தலைய குனிஞ்சிகினு போயிருப்பேன் தெரியுமா? நீ வாயத் தொறந்து கேக்கல. நானா காசு நீட்டுனா, இன்னாடா இவ நம்மள கூலிக்காரியா ஆக்கிட்டாளேன்னு நெனப்பியோன்னு பயம்."

எல்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது. இத்தனை வருஷம் இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி பயந்துகொண்டு அந்த மீனைச் சுமந்திருக்கிறார்கள்.

பொழுது சாய்வதற்குள் செய்தி குப்பம் முழுக்கப் போய்விட்டது. அங்கிருந்து கெங்கம்மா ஒரு புடவைச் சுருட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"முக்கா ரூபாயாமே?"

"ஒரு ரூபா," என்றாள் எல்சி. முக்காலுக்கு எப்படி வந்து சேருவது என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் பூவம்மா நிறைகூடையோடு தெருவில் வந்தபோது எல்சி கூப்பிட்டு நிறுத்தினாள். பூவம்மா மேலாக இருந்த மீனை எடுத்துப் போட்டு, "ரெண்டணா," என்றாள்.

எல்சி குந்தி உட்கார்ந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நேத்து மீனு. ஒரணா குடுக்கலாம்."

"இன்னா சொன்ன?" என்று பூவம்மா போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. கூச்சல் போட்டபடியே, வாய் கொள்ளாத சிரிப்போடு, அந்த மீனை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுக் கூடையின் அடியிலிருந்து புதிதாக ஒன்றை உருவினாள்.

அன்றைக்குக் குழம்பில் எல்சி புளியை அளவாகத்தான் கரைத்தாள்.