அப்பா நட்ட நாலு கல்

தார் வாசனை வந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம்... எழுபதுகளில் அந்தமானில், ரங்கத் பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்த காலம். அப்பாவின் கேங்கில் எல்லாரும் ராமநாதபுரத்துக்காரர்கள். அதனால் அவருக்கு இந்தி தேவைப்படவே இல்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் பிஸ்வாஸ் பாபு வீடு. வங்காள அகதிகளான அவர்களை அரசாங்கமே கப்பலில் கூட்டிவந்து நிலம், எருமை, விதைநெல் எல்லாம் கொடுத்தது. அவர் "செட்லர்". கூலிக்கு வந்த நாங்கள் வெறும் "லேபர்". வந்ததென்னவோ இரண்டு பேரும் கடல் தாண்டித்தான்! காட்டோரம் ஒரு துண்டைத் திருத்திக் குடிசை போட்டிருந்தோம்.

ஒரு வருடம், எங்களைப் போன்றவர்களுக்கும் பட்டா தரப்போவதாகப் பேச்சு. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நிலம் அளக்கும் பட்வாரி ஒருநாள் வந்து, "கல் ஆனா! ஜரூர் கல் ஆனா!" என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

"என்னப்பா சொல்றாரு?"

"கல்லு ஆகணும்ங்குறாருத்தா. எல்லைக்கல்லு நடச் சொல்றாரு."

மறுநாள் வேலைக்கு மட்டம். ஓடையிலிருந்து கல் புரட்டி, நாலு மூலையிலும் நட்டு, சுண்ணாம்பு கூட அடித்தோம்.

சாயங்காலம் பிஸ்வாஸ் பாபு வந்தார். "ஆஜ் காம்ப் மே க்யூ நஹி ஆயா?"

இன்றைக்கு ஏன் காம்புக்கு வரவில்லை என்று அவர் கேட்பது, பால் வாங்கிப் பழகிய இந்தியில் அம்மாவுக்குத்தான் புரிந்தது. இந்தியில் கல் என்றால் நாளை... பட்டா எழுத பஜார் காம்புக்கு நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார் பட்வாரி. காம்ப் முடிந்து ஆபீசர்களும் போய்விட்டார்கள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அப்பா எத்தனையோ முறை போர்ட் பிளேர் போய் ஆபீஸ் வாசலில் நின்றார். "தேதி முடிஞ்சு போச்சு" என்பதே பதில்.

அப்பாவை நினைத்தால் இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. ஒரு நாள் தவறினால் ஒரு தலைமுறையே தவறும்படி சட்டம் போட்டவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இன்று பிஸ்வாஸ் குடும்பத்துக்கு, பட்டாவை வைத்து பேங்க் லோன், பாக்குத் தோப்பு, ரோட்டோரம் ஒரு லாட்ஜ். நன்றாக இருக்கட்டும், நல்ல மனிதர்கள். நான் போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் வாடகை வீட்டில். அந்த நிலத்தில் தம்பி இருக்கிறான். ஆபீஸ் பாஷையில் அவன் ஆக்கிரமிப்பாளன்.

போன மாதம் போனபோது கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். "நீயும் பாக்கு வைக்கலாமேடா" என்றேன்.

"காய்க்க வருஷக்கணக்கா ஆகுமேக்கா... அதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டா? கீரைன்னா ஒரு மாசத்துல பறிச்சிடலாம்."

அவன் பிறந்ததே அந்தக் குடிசையில்தான்.