கட்டுத்தரை வாசலில் ஒரு கேள்வி

சங்ககிரியைத் தாண்டி உள்ளே போகிற ஊர்களில், கட்டுத்தரையில் கால் வைக்கும் முன் வினோலியாவை ஒரு கேள்வி நிறுத்தும். ஆண்கள் கேட்க மாட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியைப் பார்ப்பார்கள். மனைவி முந்தானையில் கையைத் துடைத்தபடி அருகில் வந்து, குரலைத் தணித்து, “ஏனம்மிணி, ஊட்டுக்குத் தூரம் ஒண்ணுமில்லையே?” என்பாள். மாதவிலக்கான பெண் மாடு கட்டும் இடத்துக்குள் போனால் பால் வற்றும், சினை நிற்காது என்பது அங்கே சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

வினோலியா அரசாங்கக் கால்நடை ஆய்வாளர். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் சினை ஊசி, தடுப்பூசி போடுவதும் குடற்புழு மருந்து கொடுப்பதும் அவள் வேலை. சேலத்துக்காரி. அப்பா சேவியர்ராஜுக்கு ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் பஞ்சர் கடை. மாடு என்றால் ரோட்டில் வழிமறித்து நிற்பது என்றுதான் பயிற்சிக்குப் போகும்வரை அவளுக்குத் தெரியும்.

பதினோரு மாதப் பயிற்சி. முதலில் கசாப்புக் கூடத்திலிருந்து கொண்டுவந்த கருப்பையை மேசையில் வைத்துத் தடவித் தடவிப் படித்தார்கள். பிறகு தோள்வரை உறை மாட்டிக்கொண்டு நிஜ மாட்டுக்குள் கையை விட்டார்கள். உள்ளே விரல் நுனிதான் கண். உதை வாங்கித் தொடை கன்றிப்போய், இரண்டு நாள் நொண்டிக்கொண்டே வகுப்புக்குப் போனாள். கூடப் படித்தவர்களில் சிலர் பாதியில் ஓடியே போனார்கள். இவள் தேறினாள், அதுவும் நல்ல மதிப்பெண்ணில். ஆனால் மாட்டின் நாக்கிலிருந்து வால்வரை சொல்லிக்கொடுத்த புண்ணியவான்கள், வாசலில் கேட்கிற அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று சொல்லித்தரவில்லை.

வேலையில் மூத்தவளான அனிதாதான் போனில் வழி சொன்னாள். “இல்லைன்னு சொல்லிட்டு உள்ள போயிரு வினோ. மாடு போய்ச் சொல்லிக் குடுக்கவா போகுது?”

அப்படியே செய்தாள். மாதாமாதம் பொய். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. படித்துத் தேறி ஆர்டர் வாங்கி வந்தவள் திருடி மாதிரி நுழைய வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரியும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தாலும் அந்த எரிச்சல் அடங்காது.

அப்போதுதான் அர்த்தநாரியின் ஜெர்சிக் கலப்பு மாட்டுக்கு இரண்டு தரம் ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. அர்த்தநாரி வெகுகாலம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போர் போட்டுவிட்டு, இப்போது ஊரோடு இருந்து மாடு கன்று பார்க்கிறவர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. “அந்தப் புள்ளை தூரத்தோட வந்து மறைச்சிருக்கு. ஆம்பளை ஆளா மாத்திக் குடுக்கச் சொல்லி மேல எழுதிப் போட்டரலாம்” என்று டீக்கடையில் சொன்னார். வினோலியாவின் காதுக்கு அது வர அரை நாள்கூட ஆகவில்லை. மாற்றல் வந்தால் போகிற ஊருக்கும் இந்தப் பேச்சு அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிறகு எந்தக் கட்டுத்தரையிலும் அவளை நம்ப மாட்டார்கள்.

மறு வாரமே அவர் மாடு பருவத்துக்கு வந்து காளைக்குக் கத்தியது. வேறு ஆள் கிடைக்காமல் அவளுக்கே போன் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அர்த்தநாரி செருமினார். அவர் மனைவி சௌந்திரம் வந்து கிசுகிசுவென்று கேட்டாள்.

“ஆமாங்கம்மா, ரெண்டாவது நாள்” என்றாள் வினோலியா, அர்த்தநாரிக்குக் கேட்கும்படி.

சௌந்திரம் வாயைப் பொத்திக்கொண்டாள். அர்த்தநாரிக்கு முகம் சிவந்துவிட்டது. “கேட்டயா? அப்பவே சொன்னனே. அம்மிணி, நீ நாலு நாள் கழிச்சு வா.”

“நாலு நாளைக்கு மாடு காத்திருக்காதுங்க. இன்னைக்கு விட்டா இனி மூணு வாரம்.”

“அப்ப ஆம்பளை யாரையாச்சும் அனுப்பு. முன்ன ரெண்டு தரமும் இப்பிடித்தான் வந்தயா?”

வினோலியா பையைக் கீழே வைத்தாள். “ரெண்டாந்தரம் இப்பிடித்தான் வந்தேன். பொய் சொன்னேன். முதல் தரம் நெசமாவே இல்லீங்க. அப்பவும் சினை நிக்கலையே, அதுக்கு யாரைக் குத்தம் சொல்றீங்க? பதினோரு மாசம் படிச்சேன், மாசாமாசம் எனக்கும் வந்துச்சு. ஒருநாள் என்னை வெளிய நிறுத்தலை. அந்த நாளையும் சேத்துத்தான் நான் பாஸ் பண்ணுனேன். இனிமேல் பொய் சொல்ல மாட்டேன். எழுதிப் போடறதுன்னா போட்டுக்குங்க.”

“பாத்தயா சௌந்திரம், எவ்வளவு வாயின்னு?” என்று அர்த்தநாரி மனைவி பக்கம் திரும்பினார்.

சௌந்திரம் மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வழக்கமான கிசுகிசுப்பை விட்டுவிட்டு உரக்கவே பேசினாள். “ஏனுங்க, நீங்க ரிக் வண்டியோட ஆறாறு மாசம் வடக்க போயிருவீங்க. ஊட்டுல நானும் கைக்கொழந்தையும். அந்த மூணு நாளும் பாலை யாரு பீச்சுனாங்கன்னு நெனச்சீங்க?”

அர்த்தநாரி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

“நாந்தான் பீச்சுனேன். சொசைட்டிக்குப் பால் ஒருநாள் நிக்குல. மாடும் வருசா வருசம் கன்னு போட்டுது. அத்தனை நாளும் நான் வெளிய சொல்லலை, அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய் மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு வினோலியாவைக் கூப்பிட்டாள். “வா சாமி. நான் புடிச்சுக்கறேன்.”

வினோலியா உறையை மாட்டினாள். வேலை முடிந்து கை கழுவும்போது அர்த்தநாரி வாசலிலேயே நின்றுகொண்டு, “இந்தத் தரமும் நிக்கலைன்னா?” என்றார். குரலில் பழைய முறுக்கு பாதிகூட இல்லை.

“மறுபடி வருவேனுங்க. அன்னைக்கு எனக்கு என்ன நாள்னு மட்டும் யாரும் கேக்கக் கூடாது.”

சௌந்திரம் பையை எடுத்து ஸ்கூட்டியில் வைத்தாள்.

அன்றைக்கே அடுத்த போன் கருப்பண்ணன் தோட்டத்திலிருந்து. அங்கேயும் கருப்பண்ணன் செருமினார், அவர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படலுக்கு வந்தாள். அவள் வாய் திறக்கும் முன்னே வினோலியா, களத்துமேடுவரை கேட்கிற குரலில் சொன்னாள்:

“ஆமாங்க, ரெண்டாவது நாள். ஒரு சொம்பு சுடுதண்ணி கொண்டாங்க, மாட்டைப் பாக்கலாம்.”